ஊரறியச் சொல்லாமல் பார்க்கும் படங்கள்

கேள்வி இது: “நண்பர்கள் பிடித்த படம் எது என்று கேட்டால் ஏதாவது ஓர் ஈரானியப் படத்தைச் சொல்லிவைக்கிறேன். வீட்டில் தனியாக இருந்தால் பார்ப்பதென்னவோ விக்ரமன் படம், சாமி படம், தெலுங்கு டப்பிங். இது இரட்டை வேடமா? இந்த ரசனை எங்கிருந்து வருகிறது? இதையெல்லாம் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?”

இரட்டை வேடம்தான். ஆனால் சினிமா பேசுகிற எல்லோரும் கொஞ்சம் போடுகிற வேடம். பிடித்த படம் எது என்று நாலு பேர் நடுவில் கேட்டால் நாம் சொல்லும் பதிலில் பாதிக்கு மேல் பயோடேட்டா. படங்களைப் பற்றி எழுதுவதையே வேலையாக வைத்திருக்கும் நானும் ‘சூர்யவம்சம்’ எந்தச் சேனலில் ஓடினாலும் ரிமோட்டைக் கீழே வைத்துவிடுகிற ஆள்தான். அதனால் உங்களைத் தேற்றுவதற்காக எழுதவில்லை. இந்த வெட்கத்தில் எது நியாயமானது, எது வெட்டி வெட்கம் என்று பிரித்துப் பார்க்கலாம் என்றுதான்.

முதலில் கிண்டலுக்காகப் பார்க்கும் படங்களைத் தள்ளிவைத்துவிடுவோம். இந்தப் பேச்சு வந்தாலே எல்லோரும் அவற்றைத்தான் பட்டியல் போடுவார்கள். சாம் ஆண்டர்சன் நடித்த ‘யாருக்கு யாரோ’ 2007-இல் வந்தது. தியேட்டரில் பார்த்தவர்கள் சொற்பம். யூடியூபில் அவர் ஆடியதைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தவர்கள் ஏராளம். அதைப் பார்த்தேன் என்று சொல்ல யாராவது கூச்சப்பட்டதுண்டா? பெருமையாகச் சொல்வார்கள், கூடவே லிங்க்கும் அனுப்புவார்கள்.

உலக அளவில் இந்த வகைக்குத் தலைமகன் ‘தி ரூம்’. 2003-இல் டாமி வைசோ என்பவர் எழுதி, இயக்கி, தயாரித்து, நாயகனாகவும் நடித்த அமெரிக்கப் படம். ஃபிலிம் கேமராவையும் டிஜிட்டல் கேமராவையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒரே காட்சியை இரண்டிலும் எடுத்தார். நாயகியின் அம்மா ஒரு காட்சியில் தனக்கு மார்பகப் புற்றுநோய் என்று போகிறபோக்கில் சொல்வார். படம் முடியும்வரை அதைப் பற்றி மறுபேச்சு கிடையாது. கூடத்தில் அழகாகச் சட்டம் போட்டு வைத்திருக்கும் படத்தை உற்றுப் பார்த்தால், அது ஒரு ஸ்பூனின் படம். நள்ளிரவுக் காட்சிகளில் அந்த ஸ்பூன் திரையில் தெரிகிறபோதெல்லாம் ரசிகர்கள் கொண்டுவந்த பிளாஸ்டிக் ஸ்பூன்களை அள்ளித் திரையை நோக்கி வீசுவார்கள். அந்தப் படத்தை எடுத்த கதையே 2017-இல் ‘தி டிசாஸ்டர் ஆர்ட்டிஸ்ட்’ என்று தனிப் படமாக வந்தது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஆள் மனதார, உயிரைக் கொடுத்து எடுத்திருக்க வேண்டும். அப்போதுதான் அந்தத் தோல்வி ருசிக்கும். அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் 1964-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். ஒரு படைப்பு முழு அக்கறையோடு முயன்று தவறும்போதுதான் இந்தச் சுவை பிறக்கிறது, வேண்டுமென்றே செய்தால் சுமார்தான் என்பது அவர் கட்சி. சூறாவளியில் சுறாமீன்கள் பறந்துவந்து மனிதரைக் கடிக்கும் ‘ஷார்க்னேடோ’ 2013-இல் வந்தபோது பத்து நிமிடம் சிரித்தேன். பிறகு அலுத்துவிட்டது. நம்மைச் சிரிக்கவைக்கக் கண்ணடித்துக்கொண்டே எடுத்த படத்தில் நாம் கண்டுபிடிக்க எதுவும் மிச்சம் இருப்பதில்லை.

இப்படிப்பட்ட படங்களைத் தேடிப் பார்ப்பவர்கள் யார் என்று ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் உள்ள மாக்ஸ் பிளாங்க் அழகியல் ஆய்வு நிறுவனம் ஒருமுறை விசாரித்தது. 2016-இல் வெளிவந்த அந்த ஆய்வில் பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் நன்கு படித்தவர்கள், கலைப்படமும் பார்ப்பவர்கள், எல்லாவற்றையும் மேய்கிறவர்கள். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. கேலி செய்வதற்கும் ஒரு தேர்ச்சி வேண்டும். நல்ல படம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவனுக்குத்தான் மோசமான படத்தின் எந்த ஆணி எங்கே கழன்றிருக்கிறது என்று தெரியும். ஆக, அந்தச் சிரிப்பு ஒரு பட்டமளிப்பு விழா. அங்கே வெட்கத்துக்கு இடமே இல்லை.

நீங்கள் சொல்லும் படங்கள் வேறு சாதி. அங்கே சிரிப்பு வரவில்லை, அழுகை வருகிறது. அதுதான் சங்கடம்.

விக்ரமன் இயக்கிய ‘சூர்யவம்சம்’ 1997-இல் வந்தது. சரத்குமார் அப்பாவாகவும் மகனாகவும் இரட்டை வேடம். அப்பா சக்திவேல் கவுண்டருக்குப் படிக்காத கடைசி மகன் சின்னராசுவைக் கண்டாலே ஆகாது. மகன் அடிமைபோல் உழைக்கிறான். அப்பா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தேவயானியைக் கல்யாணம் செய்துகொண்டு வீட்டைவிட்டுப் போகிறான். பிறகு வருகிறது அந்தப் புகழ்பெற்ற ‘நட்சத்திர ஜன்னலில்’ பாட்டு. பாட்டு ஆரம்பிக்கும்போது அவர்களிடம் ஒன்றும் கிடையாது. முடிவதற்குள் அவன் பஸ் முதலாளி, அவள் கலெக்டர் ஆகிற வழியில் பாதி தூரம் வந்துவிட்டாள். ‘ஒரே பாட்டில் பணக்காரன்’ என்று தமிழ்நாடே கிண்டல் செய்கிற பாட்டு. நானும் செய்திருக்கிறேன். ஆனாலும் அந்தப் பாட்டு வந்தால் எழுந்து போக முடிவதில்லை.

ஏன்? ஒரு படத்தில் கண்ணீர் எந்த இடத்தில் வருகிறது என்று கவனித்துப் பாருங்கள். துக்கம் நடக்கிற இடத்தில் பெரும்பாலும் வராது. நமக்கு முதலிலேயே தெரிந்த ஒன்று, திரையில் இருப்பவருக்குத் தெரியவருகிற இடத்தில்தான் வரும். மகன் நல்லவன் என்று நமக்கு முதல் ரீலிலேயே தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. இந்த இடைவெளியை விக்ரமன் இரண்டரை மணி நேரம் விடாமல் இழுக்கிறார். அப்பா அறியாமலே பேரனோடு நட்பாகிறார். பேரன் கையால் பாயசம் வாங்கிக் குடிக்கிறார். அதில் வில்லன் விஷம் கலந்துவிடுகிறான். பழி மகன்மீது விழுகிறது. அபத்தமான திருப்பம்தான். ஆனால் அதற்குள் நாம் உள்ளே பேசத் தொடங்கியிருப்போம்: ‘அவன் இல்லைய்யா, அவன் அப்படிச் செய்ய மாட்டான்யா.’ ஊர் முன்னால் அப்பா வாய் திறந்து உண்மையைச் சொல்கிற அந்த நிமிடத்தில், நாம் இத்தனை நேரம் கத்த முடியாமல் வைத்திருந்தது கண் வழியாக வெளியே வருகிறது. இரண்டு பக்கமும் நிற்பது ஒரே நடிகரின் முகம் என்பது எப்போதுமே எனக்கு விசித்திரமாக இருக்கும். யோசித்துச் செய்தார்களோ இல்லையோ, நன்றாகவே வேலை செய்கிறது.

இதோடு எஸ்.ஏ. ராஜ்குமாரின் ‘லாலாலா’. இன்றைக்கு அது மீம். ஆனால் அந்தக் கோரஸ் வருகிற நேரத்தைக் கவனியுங்கள். வசனம் முடிந்து நடிகர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கிற இடத்தில் வரும். அதில் வார்த்தை கிடையாது. வார்த்தை இருந்தால் ‘இதெல்லாம் ரொம்ப ஓவர்’ என்று அதோடு சண்டை போடலாம். லாலாலாவோடு என்னத்தைச் சண்டை போடுவது?

இந்தக் கதைக்குள் இருக்கும் எந்திரம் எவ்வளவு உறுதியானது என்பதற்கு, அது போன ஊர்களே சாட்சி. தெலுங்கில் வெங்கடேஷ், கன்னடத்தில் விஷ்ணுவர்தன், இந்தியில் அமிதாப் பச்சன். 1999-இல் வந்த இந்தி ‘சூர்யவன்ஷம்’ தியேட்டரில் பெரிதாக எடுபடவில்லை. அதே ஆண்டு தொடங்கிய ஒரு சினிமா சேனல் அதை வாங்கி, ஓட்டு ஓட்டு என்று ஓட்டி, கடைசியில் அந்தச் சேனல் என்றாலே அந்தப் படம் என்றாகிவிட்டது. வடக்கே எல்லோரும் அதைக் கேலி செய்கிறார்கள். அந்தக் கேலி இவ்வளவு நுணுக்கமாக இருப்பதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும்: கேலி செய்கிறவர்கள் படத்தைப் பல தடவை முழுசாகப் பார்த்திருக்கிறார்கள்.

சரி, அழுதால் என்ன? அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? லிண்டா வில்லியம்ஸ் என்ற அமெரிக்கத் திரைப்பட ஆய்வாளர் 1991-இல் எழுதிய கட்டுரை ஒன்று இதற்கு நல்ல பதில் வைத்திருக்கிறது. பேய்ப்படம், ஆபாசப்படம், அழுகைப்படம் மூன்றையும் அவர் ஒரே வரிசையில் நிறுத்தினார். மூன்றிலும் திரையில் இருக்கிற உடம்புக்கு என்ன நடக்கிறதோ, அதன் சாயல் பார்க்கிறவர் உடம்பிலும் நடக்கிறது. அவள் அலறினால் நமக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. அவள் அழுதால் நமக்குத் தொண்டை அடைக்கிறது. உடம்பைப் பிடித்து ஆட்டுகிற இந்தப் படங்களுக்குத்தான் எங்குமே மதிப்புக் குறைவு. மூளையிடம் பேசுகிற படம் உசத்தி, உடம்பிடம் பேசுகிற படம் மட்டம். நம் அனுமதியைக் கேட்காமல் நம்மை அழவைத்துவிட்டதல்லவா, அந்தக் கோபம்.

இந்த வாதத்தைத் தமிழ் சினிமாவுக்குக் கொண்டுவந்தால் ஒரு முரண் தெரியும். ஒருத்தன் இருபது பேரைக் காற்றில் பறக்கவிடுகிற படத்தைப் பார்த்து விசிலடிப்பதும் உடம்பின் வேலைதான். லாஜிக் அங்கேயும் கிடையாது. ஆனால் அதைச் சொல்ல யாரும் வெட்கப்படுவதில்லை. ‘மாஸ்’ என்று அதற்குக் கௌரவமான பெயரே இருக்கிறது. முதல் நாள் முதல் காட்சி பார்த்ததை ஸ்டேட்டஸ் வைப்பார்கள். குடும்பப் படம் பார்த்து அழுததையோ, அம்மன் படத்தில் மெய்சிலிர்த்ததையோ வைக்க மாட்டார்கள். வித்தியாசம் படத்தின் தரத்தில் இல்லை. முதல் வகை ஆண்கள் கூட்டமாகப் போய்ப் பார்ப்பது. இரண்டாவது வகையைப் ‘பொம்பளைங்க பார்க்கிற படம்’ என்று ஒதுக்கிவைத்தாயிற்று. உங்கள் வெட்கத்தில் பெரும்பங்கு இந்த இரவல் சரக்கு என்பது என் எண்ணம். இது வெட்டி வெட்கம், தூக்கிப் போடுங்கள்.

சாமி படங்களுக்கு வருவோம். இவற்றில் விலங்குப் படங்களையும் சேர்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் இரண்டும் பல சமயம் ஒன்றே. சாண்டோ சின்னப்பா தேவர் காலத்திலிருந்தே இது ஒரு தனிப் பாரம்பரியம்; 1977-இல் வந்த ‘ஆட்டுக்கார அலமேலு’வில் ஆடும் ஸ்ரீபிரியாவுக்குச் சமமான நட்சத்திரம். பிறகு இராம. நாராயணன் வந்தார். நூறு படங்களுக்கு மேல், பல மொழிகளில் எடுத்தவர். ‘ஆடி வெள்ளி’, ‘துர்கா’ இரண்டும் 1990. பாம்பு, குரங்கு, யானை, நாய் எல்லாம் கதாபாத்திரங்கள். விமர்சகர்கள் அவரைப் பொருட்படுத்தியதே இல்லை. குழந்தைகள் அவரைத் தவிர வேறு யாரையும் பொருட்படுத்தவில்லை.

பாம்பு நடிக்குமா? நடிக்காது. அதற்கு இமையே கிடையாது, முகபாவம் எங்கே காட்டுவது. ஆனால் பாம்பு கோபப்படுவதையும், நன்றி காட்டுவதையும், ஏன், கண் கலங்குவதையும்கூட நாம் பார்த்திருக்கிறோம். நூறு வருடத்துக்கு முன்னால் ரஷ்யாவில் லெவ் குலஷோவ் என்ற இயக்குநர் செய்துகாட்டிய வித்தை இது. ஒரு நடிகரின் ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப்புக்குப் பக்கத்தில் ஒட்டினால் பசி தெரியும், சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினால் துக்கம் தெரியும். முகம் மாறவே இல்லை. இங்கே பாம்பு படமெடுத்து நிற்கிற ஷாட், வெட்டு, வில்லன் தாலிக்கொடியில் கைவைக்கிற ஷாட், வெட்டு, மறுபடியும் அதே பாம்பு. கோபத்தை நாம் போட்டு நிரப்பிக்கொள்கிறோம். திரைப்படக் கல்லூரியில் குலஷோவ் பாடம் நடத்துகிறவர்கள் ரஷ்ய உதாரணத்தோடு நிற்காமல் ‘ஆடி வெள்ளி’யையும் போட்டுக் காட்டலாம், மாணவர்கள் தூங்க மாட்டார்கள்.

இந்த வகையில் எனக்கு உண்மையான மரியாதை உள்ள பெயர் கோடி ராமகிருஷ்ணா. பெயர் உங்களுக்கு உடனே பிடிபடாமல் போகலாம், தெலுங்கு இயக்குநர், 2019-இல் காலமானார். ஆனால் அவர் படங்களை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். ராஜசேகர் காக்கிச்சட்டையில் வந்த ‘இதுதாண்டா போலீஸ்’, சௌந்தர்யாவும் ரம்யா கிருஷ்ணனும் நடித்த ‘அம்மன்’ (1995), அனுஷ்காவின் ‘அருந்ததி’ (2009). போலீஸ், சாமி, பேய் மூன்றும் ஒரே ஆள் கை. மூன்றுமே டப்பிங்கில் வந்து தமிழில் சக்கைப்போடு போட்டவை. ‘அம்மன்’ படத்தில் அம்மன் ஒரு சாதாரண வேலைக்காரச் சிறுமி உருவில் அந்த வீட்டுக்குள் இருப்பாள். சௌந்தர்யாவைக் கொடுமைப்படுத்துகிறவர்களுக்கு அவள் யாரென்று தெரியாது, நமக்குத் தெரியும். மறுபடியும் அதே இடைவெளி! ‘சூர்யவம்ச’த்தில் கண்ணீராக வந்தது இங்கே மெய்சிலிர்ப்பாக வருகிறது. கிராஃபிக்ஸ் இன்றைக்குப் பார்த்தால் பழசாகத் தெரியும். ஆனால் அது வருவதற்கு முன் கதை நம்மை எவ்வளவு காக்கவைத்திருக்கிறது என்று பாருங்கள். கோடிக்கணக்கில் கொட்டி எடுத்த பிற்காலக் கிராஃபிக்ஸ் படங்களில் பலவற்றுக்கு அந்தப் பொறுமை இல்லை.

டப்பிங் படம் என்றாலே இரண்டாந்தரம் என்று ஒரு நினைப்பு நம்மிடம் உண்டு. வாயசைவு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம்; உதடு மூடாமல் இருந்தால் அந்த இடத்தை நிரப்ப ஒரு ‘டேய்’ அல்லது ‘ஆமா’. இந்த நினைப்பை உடைக்க ஒரே ஒரு தகவல் போதும். ‘வைஜயந்தி ஐ.பி.எஸ்.’ ஞாபகம் இருக்கிறதா? விஜயசாந்தி போலீஸ் அதிகாரியாக வந்து அடி பின்னி எடுப்பாரே, அது 1990-இல் தெலுங்கில் வந்த ‘கர்த்தவ்யம்’. அந்த நடிப்புக்காக அவருக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. நாம் ‘சும்மா டைம்பாஸ்’ என்று கூச்சத்தோடு பார்த்தது தேசிய விருது வாங்கிய நடிப்பை!

விருதுகளை வைத்து ரசனையை அளக்கச் சொல்லவில்லை. அவையும் சறுக்கும். மோசமான படங்களுக்கு விருது தரும் ராஸி என்ற கேலி விருது 1981-இல் தொடங்கியபோது முதல் ஆண்டிலேயே ‘தி ஷைனிங்’ படத்துக்காக ஸ்டான்லி குப்ரிக்கை மோசமான இயக்குநர் பட்டியலில் சேர்த்தார்கள். இன்று அந்தப் படம் பேய்ப்பட வரிசையில் எங்கே இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. ஆக, ‘இது மட்டமான படம்’ என்று அன்றைக்குக் கூட்டமாகச் சொன்ன தீர்ப்பை அப்படியே சுமந்துகொண்டு திரிய வேண்டியதில்லை.

இனி நியாயமான வெட்கம். இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதால்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

அதே விஜயசாந்தி 1992-இல் ரஜினியோடு ‘மன்னன்’ படத்தில் நடித்தார். திமிர் பிடித்த பெண் தொழிலதிபர் சாந்திதேவி. ரஜினி அவரிடம் வேலை பார்க்கும் தொழிலாளி. ரஜினியும் கவுண்டமணியும் வேலையிலிருந்து பொய் சொல்லி விடுப்பு வாங்கிக்கொண்டு படம் பார்க்கப் போகிற காட்சி எனக்குத் தெரிந்து தமிழின் மிகச் சிறந்த நகைச்சுவைப் பகுதிகளில் ஒன்று. டிக்கெட் கவுண்டர் நெரிசலில் இருவரும் படுகிற பாட்டை எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது. ‘அம்மா என்றழைக்காத’ பாட்டில் யேசுதாஸின் குரல் வேறு. ஆனால் படம் எங்கே போய் முடிகிறது? ஒரு நிறுவனத்தையே கட்டி ஆண்ட பெண், திருந்துவது என்ற பெயரில், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வீட்டோடு மனைவியாக இருக்கச் சம்மதிக்கிறார். படம் அதை மங்கல முடிவாகக் காட்டுகிறது. வழியில் கன்னத்தில் அறைகளும் உண்டு, அதற்குக் கைதட்டலும் உண்டு. தேசிய விருது வாங்கிய அந்த ஐ.பி.எஸ். அதிகாரியை இங்கே அடக்கி உட்காரவைப்பதுதான் பொழுதுபோக்கு.

‘படையப்பா’விலும் (1999) இதே கதைதான், ஆனால் அங்கே படம் தன்னை அறியாமல் தோற்றுப்போகிறது. பெண் எப்படி இருக்க வேண்டும் என்று நாயகன் உபதேசம் செய்கிறார். ஆனால் பதினெட்டு வருடம் அறைக்குள் அடைந்து கிடந்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு நீலாம்பரி வெளியே வரும்போது நம் கண் உபதேசத்தின் பக்கமா போகிறது? ‘அம்மன்’ படத்தில் சாமியாக வந்து மிரட்டிய அதே ரம்யா கிருஷ்ணன். அடுத்த ஜென்மத்திலும் பழிவாங்குவேன் என்று சொல்லிவிட்டுச் சாகிறவளை இன்றும் கொண்டாடுகிறார்கள். படத்தை எடுத்தவர்கள் நினைத்தது ஒன்று, பார்த்தவர்கள் எடுத்துக்கொண்டது வேறு. இப்படிப்பட்ட படத்தை ரசிப்பதில் ஒரு திருட்டு இன்பம் இருக்கிறது, அது எனக்குப் பிடிக்கும்.

எல்லாப் படத்திலும் இந்தத் தப்பிக்கும் வழி கிடைக்காது. விருப்பமில்லை என்று சொல்கிற பெண்ணை விடாமல் பின்தொடர்வதைக் காதல் என்று காட்டிய படங்கள், நிறத்தையும் உடம்பையும் வைத்துக் காமெடி செய்த படங்கள், திருநங்கையைக் காட்டினாலே சிரிப்பு என்று வைத்த படங்கள். பாட்டு நன்றாக இருக்கும், காமெடியில் டைமிங் அபாரமாக இருக்கும். சிரித்துவிட்டு, சிரித்ததற்கு உள்ளே ஏதோ நெருடும். அந்த நெருடலை விட்டுவிடாதீர்கள். லாலாலாவுக்கு வெட்கப்படுகிறவர்கள் இதற்கு வெட்கப்படுவதில்லை என்பதுதான் எனக்குப் புரியாத கணக்கு.

விலங்குப் படங்களுக்கும் இது பொருந்தும். அந்தக் குரங்கையும் யானையையும் எப்படிப் பழக்கினார்கள், வெயிலில் எத்தனை டேக் எடுத்தார்கள் என்று அன்று நாம் கேட்கவில்லை. 2001-இல் காட்சிக்குப் பயன்படுத்தும் விலங்குகளைப் பதிவு செய்வதற்கான விதிகளை மத்திய அரசு கொண்டுவந்தது; இப்போது படத்தில் விலங்கைக் காட்டினால் விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி வேண்டும். அந்த வகைப் படங்கள் அருகிப்போனதற்கும், பாம்பும் யானையும் கம்ப்யூட்டருக்குள் குடிபோனதற்கும் இது முக்கியமான காரணம். பழைய படத்தை இப்போது பார்க்கையில் குலஷோவ் வித்தையை ரசிக்கிற அதே கண் அந்தக் குரங்கின் கழுத்தையும் பார்க்கத்தான் செய்கிறது.

இதற்காகப் பார்ப்பதை நிறுத்த வேண்டுமா என்றால், நான் நிறுத்தவில்லை. பிடித்ததைப் பிடித்தது என்றும் பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்றும் ஒரே படத்தைப் பற்றியே சொல்லலாம். ‘மன்னன் பிடிக்கும்’ என்று மொட்டையாகச் சொன்னால் சண்டை வரும். ‘அந்த டிக்கெட் கவுண்டர் காட்சி பிடிக்கும், கிளைமாக்ஸ் சகிக்காது’ என்று சொன்னால் பேச்சு வளரும். உங்கள் நண்பர்களிடமும் இப்படிக் காட்சியைச் சொல்லிப் பாருங்கள். படத்தின் பெயருக்குத்தான் இளக்காரம். ‘அப்பா கடைசியில் வாயைத் திறந்து சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிடும்’ என்று ஒருத்தர் சொன்னால், எதிரில் இருப்பவர் பெரும்பாலும் கேலி செய்ய மாட்டார். அவருக்கும் ஒரு படம் இருக்கும், அதைச் சொல்ல ஆரம்பிப்பார். ஈரானியப் படத்தை விட்டுவிடவும் வேண்டாம். அதுவும் பிடிக்கும்தானே? நல்ல ஈரானியப் படங்கள் பலவற்றில் இருப்பதும் தொலைந்துபோன ஷூவுக்காகவோ நோட்டுப் புத்தகத்துக்காகவோ ஒரு பிள்ளை அலைவதும், அது பெரியவர்களுக்குத் தெரியாததும்தான். இடைவெளி அதேதான், லாலாலா மட்டும் கிடையாது.

பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக, ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து. ‘அம்மன்’ படத்தில் சில இடங்கள் சின்னக் குழந்தைகளுக்குப் பயமாக இருக்கும், ‘அருந்ததி’ இன்னும் மோசம், கொஞ்சம் வளரட்டும். ‘மன்னன்’ போட்டால் கிளைமாக்ஸில் எழுந்து போய்விடாதீர்கள். அந்த அம்மா ஏன் ஆபீஸுக்குப் போகவில்லை என்று கேட்டால், படத்தை எடுத்தவர்கள் அப்படித்தான் நினைத்தார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை என்று சொல்லிவிட வேண்டியதுதான். ‘சூர்யவம்சம்’ போட்டால் அந்தப் பாட்டைத் தள்ளி ஓட்டிவிடாதீர்கள். ஓட்டிவிட்டால், நேற்றுவரை ஒன்றும் இல்லாதவர்களுக்கு இத்தனை பஸ் எப்படி வந்தது என்று கேட்பார்கள். அதற்குப் பதில் அந்தப் பாட்டில் மட்டும்தான் இருக்கிறது.